இமோஜீன் மோந்து பார்த்த ரை

லோவெல் ஸ்டாம்பருக்கு மூக்கு அடைத்துக்கொண்டது செவ்வாய்க்கிழமை. கட்டுரை வியாழக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், கென்டக்கியில் அவர் இருந்த அந்தச் சின்ன ஊரின் வாரப் பத்திரிகையில் மாதத்துக்கு ஒரு தடவை எழுதிவந்தார். இருபத்தைந்து டாலருக்குள் கிடைக்கும் விஸ்கியில் எது காசுக்குத் தகும், எது தகாது என்பதுதான் விஷயம். ஊரே மக்காச்சோளத்தில் வடிக்கிற பர்பன் விஸ்கியைக் கொண்டாடினாலும் அவருக்கு ரை என்ற தானியத்தில் வடிக்கிற காரமான ரை விஸ்கி மேல்தான் கிறுக்கு.

இந்த மாதப் பாட்டில் இருபத்துநாலு டாலர். ஊற்றி, சுழற்றி, மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமே தெரியவில்லை. ஒரு வாய் குடித்தார். தொண்டை எரிந்தது, அவ்வளவுதான்.

பாட்டிலும் கிளாஸுமாகச் சமையலறைக்குப் போனார். மனைவி இமோஜீன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். குடியே பாவம் என்கிற பாப்டிஸ்ட் சபையில் பிறந்து வளர்ந்தவள். அறுபத்தெட்டு வயதுவரை ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. அவருடைய பாட்டில்களுக்குப் புல்வெட்டும் மெஷின் பக்கத்தில்தான் இடம் கொடுத்திருந்தாள்.

"இமோஜீன், குடிக்க வேணாம். மோந்து பாத்தா போதும்."

"காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சா உனக்கு?"

"மோக்குறது பாவம்னு பைபிள்ல எங்கயாவது போட்டிருக்கா, சொல்லு."

கத்தியைப் பிடித்தபடி கொஞ்சநேரம் யோசித்தாள். போட்டிருப்பதாக ஞாபகம் வரவில்லை. பால் கெட்டுவிட்டதா என்று பார்க்கிற முகத்தோடு கிளாஸை வாங்கினாள்.

"மொதல்ல மிளகு. அப்புறம் சர்ச் விருந்துல வெள்ளரிக்கா ஊறுகா ஜாடியத் தொறந்தா வருமே, அந்த வாசனை."

லோவெல் அவசரமாக எழுதிக்கொண்டார். "அப்புறம்?"

"லுவெல்லா அக்காவோட கோட்டு அலமாரி. இப்ப உள்ளது இல்ல. அவ புருஷன் சுருட்டு பிடிச்சுட்டு இருந்தப்போ."

விலையைக் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "இருபத்துநாலா! அடியில எம்புட்டு கண்ணாடி பாரு, ஒரு ஜன்னலே போடலாம். ஜன்னலுக்கும் சேத்தா நாம காசு குடுக்கிறது? பதினேழு. அதுக்கு மேல ஒரு சென்ட் கிடையாது."

லோவெலுக்குப் பொய் எழுத வரவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதி, மூக்கு தன் மனைவியுடையது என்றும் போட்டுவிட்டார். அதை அவளிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை கடையில் பில் போடுகிற பெண், "அந்த ஜன்னல் சமாச்சாரம் சூப்பர், இமோஜீனம்மா!" என்றாள். அன்று ராத்திரி லோவெலுக்கு ஆறிப்போன கோழிக்கறிதான் கிடைத்தது; பேச்சு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லி அவள் சர்ச்சுக்குப் போகவில்லை.

திங்கள் காலை அவள் சபையின் பாஸ்டர் கிரிட்டெண்டனே வீடு தேடி வந்துவிட்டார். லோவெல் சமையலறையிலேயே விட்டுவைத்திருந்த பாட்டிலை இமோஜீன் சட்டென்று கேக் சுடும் அடுப்புக்குள் தள்ளி அதன் கதவைச் சாத்தினாள்.

பாஸ்டர் உட்கார்ந்து காப்பியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், அவளே முந்திக்கொண்டாள். "நான் குடிக்கல, பாஸ்டர். மோந்துதான் பாத்தேன்!"

"தெரியும்மா. ஊறுகா ஜாடின்னு சொன்னீங்களே, ரொம்பச் சரி. ஆனா பதினேழு அநியாயம். இருபத்தொண்ணு தாராளமாக் குடுக்கலாம்."

தான் சொன்னது என்னவென்று பாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. காது வரை சிவந்துபோனார்.

"அது... இருமலுக்கு. தேன் கலந்து..."

"தேன் கலந்தா எந்த விஸ்கியும் இருபத்தொண்ணு பெறும்," என்றாள் இமோஜீன். மூன்று நாளாக அவள் மனசில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. "தேன் கலக்காம மோந்து பாத்துட்டு வந்து பேசுங்க."

லோவெல் சிரித்த சிரிப்பில் அடைத்திருந்த மூக்கு திறந்துகொண்டது. திறந்தும் பயனில்லை. இமோஜீன் எழுதினால்தான் போடுவேன் என்று பத்திரிகை ஆசிரியர் அதற்குள் சொல்லியனுப்பிவிட்டார். அவளும் ஒப்புக்கொண்டாள், தன் பெயர் முதலில் வர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. அடுத்த மாதப் பாட்டிலுக்கு அவள் கொடுத்த மதிப்பு ஒன்பது டாலர். அதைப் படித்த லோவெலின் நண்பர்கள் யாரும் அதை வாங்கத் துணியவில்லை.