அட்டையில்லாத புத்தகம்

எங்கள் வீட்டில் யார் எந்தப் புத்தகம் படித்தாலும் அது பொதுச் செய்தி. அட்டை மேலே தெரிகிற மாதிரி வைத்தால் அட்டையைப் பார்த்துக் கேள்வி வரும். கவிழ்த்து வைத்தால் ஏன் கவிழ்த்து வைத்தாய் என்று வரும். கேட்பவர் என் மாமியார் விசாலம், தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடற்கரையில் ஒருத்தி தனியாக நடக்கிற அட்டையைப் பார்த்து, "பாவம், இவளுக்கு யாரும் கிடையாதா?" என்றார். விவாகரத்து பற்றிய நாவல் ஒன்றை நான் கொண்டுவந்த வாரம் சென்னையிலிருந்து என் அம்மா போன் செய்து, "அங்கே எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று விசாரித்தாள். விவாகரத்து எனக்கில்லை, கதையில் வருகிறவளுக்குத்தான் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

2009-இல் என் கணவர் ராம்பிரசாத்தின் நண்பர் ராம்கி அமெரிக்காவிலிருந்து வந்தார். கையடக்கமான மின்புத்தகக் கருவி ஒன்றை எங்கள் நிக்டி வீட்டு மேஜைமேல் வைத்தார். அவரிடம் இரண்டு இருந்தன. "ஒரு வாரம் வெச்சுப் பாருங்கோ. பிடிச்சா வாங்கிக்கோங்கோ, இல்லேன்னா ஞாயித்துக்கிழமை எடுத்துண்டு போறேன்" என்றார். அவர் மனைவி அதில் ஏற்கெனவே நிறைய ஆங்கில நாவல்கள் ஏற்றி வைத்திருந்தாள்.

என் கணவர் ராம், ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். எதைப் பார்த்தாலும் பரிசோதிக்காமல் இருக்க மாட்டார். எடை இல்லை, கண் கூசவில்லை, சார்ஜ் நாள்கணக்கில் நிற்கிறது என்று பாராட்டினார். தமிழ் எழுத்து வராது, விளக்கை அணைத்தால் தெரியாது, கீழே விழுந்தால் அதோடு சரி என்று குறையும் சொன்னார். மாமியார் அதற்குமேல் போனார்.

"கடைசிப் பக்கத்தைச் சட்டுனு புரட்டிப் பாக்க முடியலை. படிச்சு முடிச்சா, பழைய பேப்பர் வாங்கற ரத்திவாலாகூட எடுத்துக்க மாட்டான். எனக்கு ஒண்ணும் வேண்டாம்பா இது."

எனக்கு எடையும் முக்கியமில்லை, சார்ஜும் முக்கியமில்லை. அதற்கு அட்டை கிடையாது. நான் எதைப் படிக்கிறேன் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்த நாளாக எனக்கென்று நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். அதை எப்படி எல்லோர் முன்னாலும் சொல்வது?

ஐம்பத்தெட்டு வயது விதவை ஒருத்தி ஆற்றில் படகு ஓட்டுகிறவரிடம் மனதைப் பறிகொடுக்கிற கதையை ஆரம்பித்தேன். அடுத்தவர் பொருள் என்பதால் நான் வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸுக்கு எடுத்துப் போகாமல் படுக்கையறை அலமாரியில் வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து கையில் எடுத்தால் உலகமே மறந்துவிடும்.

புதன்கிழமை வந்து திறந்தபோது, ஐந்தாம் அத்தியாயத்தில் விட்ட கதை ஒன்பதாம் அத்தியாயத்தில் நின்றது. பொத்தான் ஏதாவது தவறாக அழுந்தியிருக்கும் என்று ஐந்துக்கே திரும்பினேன். மறுநாள் பன்னிரண்டில் நின்றது. ராம் விடிவதற்குள் போய் இருட்டிய பிறகு வருகிறவர். பாத்திரம் தேய்க்கிற சந்திரிகாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மிச்சம் ஒரே ஒருவர்தான்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இதிலுமா வந்து எட்டிப் பார்க்க வேண்டும்? கேட்டே விடுவது என்று சமையலறைக்குப் போனேன். மாமியார் சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தார். மாமனார் போனதிலிருந்து அவர் கையில் பக்திப் புத்தகம் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை பாராயணத்துக்கு வருகிற மாமிகளும் பார்த்ததில்லை. என்ன படிக்கிறாய் என்று ஊரையே கேட்கிறவர் என்ன படிக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். கோபம் போன இடம் தெரியவில்லை. அவர்மேல் இரக்கமாக இருந்தது.

"என்ன ப்ரியா, பசிக்கறதா?" என்றார்.

"இல்லம்மா, சும்மாத்தான்" என்று திரும்பிவிட்டேன்.

அன்றிலிருந்து என் பங்கைப் படித்த பிறகு, அவர் விட்ட பக்கத்துக்கே கொண்டுபோய் வைத்தேன். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அந்தப் பக்கம் நகரவேயில்லை. அந்த விதவை தன் மகனிடம் விஷயத்தைச் சொல்லப்போகிற இடம் அது.

ஞாயிறு காலை ராம்கி வந்தார். ராம் கருவியைத் துடைத்து உறையில் போட்டு எடுத்துவந்தார். "நல்ல சாமான்தான்டா. ஆனா அம்மாவுக்குப் பிடிக்கலை, இவளுக்கு எங்கே நேரம் இருக்கு? எடுத்துண்டு போயிடு."

மாமியார் எல்லோருக்கும் காபியை வைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினார். போகவில்லை, நின்றார். ராம்கி கையை நீட்டிவிட்டார்.

"எனக்கு வேணும்" என்றேன்.

ராம் என்னைப் பார்த்தார். "உனக்கா? எதுக்கு?"

காரணம் சொல்லியாக வேண்டும். சட்டென்று வாயில் வந்தது இதுதான். "பஸ்ல படிச்சுண்டு போவேன். ஹிஞ்சவாடி டிராஃபிக்ல பொழுதே போகலை."

"பஸ்ஸுக்கு எடுத்துண்டு போனா, பகல்ல ஆத்துல இருக்காதே" என்றார் மாமியார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். ராம் சிரித்தார்.

"பகல்ல ஆத்துல யாரும்மா படிக்கப் போறா? சந்திரிகாவா?"

'அம்மா பேச்சுக்குச் சொல்றா' என்று நான் பூசி மெழுகியிருக்கலாம். அதற்குத்தான் வாயெடுத்தேன். மாமியார் என்னைக் கையமர்த்திவிட்டு, ராமின் கையிலிருந்து கருவியை வாங்கிக்கொண்டார்.

"நான்தான் படிக்கறேன். என்ன படிக்கறேன்னு கேக்காதே."

ராமின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு வருஷமாக இந்த வீட்டில் நான் சொல்லத் துடித்த வாக்கியம் அது. தைரியம் வந்ததில்லை. என் மாமியார் அதைத் தன் பிள்ளையிடமே சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.