இருநூறு எழுத்துக்குள் ஒரு லாண்டரி

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இது நானாக யோசித்த கதை இல்லை. என் அக்கா மகள் என்னிடம் கேட்டது வெறும் இருநூறு எழுத்து. அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை அனுப்பிய கருத்துப் படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருக்கிறது. இருநூறைத் தாண்டினால் தட்டத் தட்ட எழுத்து உதிர்ந்துவிடும்.

"கதை எழுதறேன் கதை எழுதறேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறீங்களே மாமா, எனக்காக ஒரு கட்டத்த ரொப்பிக் குடுக்க மாட்டீங்களா?" என்றாள்.

மூன்று நாளாக முயல்கிறேன். கணினி கொம்பையும் புள்ளியையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது என்ற அக்கிரமத்தை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். என் இருநூறு, நூற்றுப்பத்திலேயே தீர்ந்துபோனது. கட்டம் காலி. அதற்குப் பதிலாக இந்தக் கதை வந்து நிற்கிறது. இன்று வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணி. ஐந்து மணிக்குப் படிவத்தை மூடிவிடுவார்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் எப்போதும் ஒரு நீராவி மேகம் மிதந்துகொண்டு..."

அடித்துவிட்டேன். மேகம் வந்தால் பின்னாலேயே கவிதை வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்குத் தேவை கோபம்.

இரண்டாம் முயற்சி: "ஒரு நிறுவனம் தன் புதிய ஊழியர்களுக்காக ஓர் இணையதளம் அமைக்கத் திட்டமிட்டது." இதை நானே படிக்க மாட்டேன். உங்களை ஏன் படுத்தவேண்டும்?

சரி, நேராகவே சொல்கிறேன். என் அக்கா மகள் அந்த மருத்துவமனையின் லாண்டரிக்குத் தலைவி. இருபத்திரண்டு வருடம். அவளுக்குக் கீழே ஒன்பது பேர். அவளைவிடப் பத்து வயது மூத்த தலைமை மருத்துவரும் அவளை 'லாண்டரி அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார். வேலைக்குச் சேர்கிற யாரும் முதல் நாள் முதல் காரியமாக அவளுடைய ஜன்னலுக்குத்தான் வரவேண்டும். அளவு நாடா கிடையாது. தோளை ஒரு பார்வை, எட்டி ஒரு சீருடைக் கோட்டு, அவ்வளவுதான். கோட்டோடு கூடவே நாலு வார்த்தையும் கிடைக்கும்: "மூணாவது மாடி லிஃப்ட்ட நம்பாத. பெரிய நர்ஸம்மா கத்தினா கோவம்னு நெனைக்காத, காது கொஞ்சம் மந்தம். மொத வாரம் அழுகை வந்தா இங்க வா, இந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காது."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்த அறையின் நீராவி சாமானியம் இல்லை. சேர்ந்த அன்று கோட்டு வாங்க உள்ளே போன ஓர் உதவியாளர் வழி தெரியாமல் சுற்றி, வெளியே வந்தபோது அவருக்கு ஓய்வு பெறும் வயது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம். அவருடைய ஓய்வூதியத் தாளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.)

3

போன செவ்வாய்க்கிழமை, பயிற்சிக் கூடத்தில் கூட்டம். பிரிவுக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர். டீ, பிஸ்கட். எச்.ஆர். அதிகாரி திரையில் மூன்று டிசைன் காட்டினார்: நீலம், பச்சை, ஆரஞ்சு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கான வெப்சைட். எது பிடித்திருக்கிறது என்று சொல்லவேண்டும்.

"ஆரஞ்சு கண்ணக் கூசுது சார்," என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர்.

"எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு," என்றாள் ஒரு நர்ஸ்.

லாண்டரி அக்காவுக்கு நீலம் பிடித்திருந்தது. பாவம், மனசார ரசித்தாள். பிறகு, வருகிற பிள்ளைகளுக்கு ஜன்னலுக்கு வழி சரியாகச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்க ஆசைப்பட்டாள்.

"அந்த 'முதல் நாள்' பக்கத்தைத் திறங்க சார்."

திறந்தது. 'சீருடை: சீலிட்ட பையில் உங்கள் வார்டுக்கே வந்து சேரும். சந்தேகம் இருந்தால் கீழ்க்கண்ட எண்ணை அழைக்கவும்.'

"லாண்டரி எங்க சார்?"

"அதெல்லாம் மாதிரி வாசகம்மா. சும்மா எடத்தை நெரப்பப் போட்டது. நீங்க டிசைனை மட்டும் பாருங்க."

பச்சையைத் திறக்கச் சொன்னாள். அதே வாசகம். ஆரஞ்சையும் திறக்கச் சொன்னாள். அதே எண்.

அந்தக் கூடத்தில் இருந்த மற்ற பதினொரு பேருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. கைப்பேசியை எடுத்து அந்த மாதிரி எண்ணுக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம், சீருடைச் சேவை."

"ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். எங்களுக்கு எப்பலேர்ந்து வருவீங்க?"

"ஒண்ணாந்தேதிலேர்ந்து மேடம். பழைய மெஷினையெல்லாம் அதுக்கு முன்னாடியே கழட்டிடுவோம்னு உங்க சைடுல சொன்னாங்களே?"

யாரோ ஒருவர் வாயில் பிஸ்கட் உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, அது வேற மீட்டிங்ல பேசவேண்டிய விஷயம்," என்றார் அதிகாரி. "இன்னிக்கு டிசைன் மட்டும்."

"அந்த வேற மீட்டிங்குக்கு என்னையக் கூப்பிடுவீங்களா சார்?"

"உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம். படிவத்துல எழுதுங்க."

அப்போதுதான் ஆம்புலன்ஸ் டிரைவர் எழுந்து நின்றார். "சார், டிரைவர் பக்கத்தையும் ஒரு தடவை திறந்து காட்டிடுங்க." நர்ஸும் எழுந்தாள். சமையற்கட்டுக்காரரும் எழுந்தார். அதிகாரி மடிக்கணினியை மூடிவிட்டார்.

4

இந்த அதிகாரியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசையும் தங்கப் பல்லும் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "அவரு ரொம்பத் தன்மையானவரு மாமா. எல்லாருக்கும் அவரேதான் டீ ஊத்திக் குடுத்தாரு," என்றாள்.

மீசையை எடுத்துவிட்டேன். எடுத்ததும் என் வயிற்றெரிச்சல் இரண்டு மடங்காகிவிட்டது. மீசை வைத்தவன் வேலையைப் பிடுங்கினால் அடிதடி என்று ஒன்று உண்டு. டீ ஊற்றிக்கொடுத்துவிட்டு, உன் வேலை போகிற செய்தி எந்த நிறத்தில் இருந்தால் உனக்குப் பிடிக்கும் என்று கேட்கிறவரை என்ன செய்வது? அந்தப் படிவத்தையாவது பாருங்கள். ஐந்து முகம் வரைந்திருக்கிறார்கள், ஒன்றைத் தொடவேண்டும். முதல் முகம் பல் தெரியச் சிரிக்கிறது. ஐந்தாவது, இருப்பதிலேயே மோசமான முகம், அதுவும் லேசாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. நிறத்தைத் தேர்ந்தெடுக்காமல் அனுப்பவும் முடியாது. 'எதுவும் வேண்டாம்' என்பதற்கு ஒரு பொத்தான் வைக்க என்ன செலவாகியிருக்கும்?

அவள் அந்த ஒன்பது பேரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. நேற்று இஸ்திரி போடும் அண்ணன், "என்னம்மா, கூட்டத்துல என்ன கலர் சொன்ன?" என்று கேட்டிருக்கிறார். "நீலம்," என்று சொல்லிவிட்டு, நீராவிக்குள் போய் நின்றுகொண்டாளாம்.

5

கட்டத்தை நிரப்ப வக்கில்லாத நான், கதைக்காவது முடிவு வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றுக்கு மூன்றாக எழுதினேன்.

முதல் முடிவு: அவள் இருநூறு எழுத்தில் நெருப்பைக் கொட்டுகிறாள். அதிகாரி படித்துக் கண் கலங்குகிறார். மூடுவதை மூன்று மாதம் தள்ளிவைத்து, மரியாதையாக ஒரு விடைபெறும் விழா வைக்கிறார்.

இரண்டாவது: சீலிட்ட பைகள் வந்து சேர்கின்றன. அறுவை மருத்துவருக்குக் குழந்தைகள் வார்டின் கவுன். ஊரே சிரிக்கிறது. ஒப்பந்தக்காரர் தலைகுனிகிறார். (ஒப்பந்தம் ஐந்து வருடம் என்பதால் தலைகுனிந்தபடியே தொடர்கிறார்.)

மூன்றாவது: எதிர்த் தெருவில் அவளும் அந்த ஒன்பது பேரும் சொந்தமாக ஒரு கடை...

சற்று முன் அவளே நேரில் வந்தாள். என் நாற்காலியின் பின்னால் நின்று மூன்றையும் படித்தாள். நல்லாயிருக்கு என்பாள் என்று காத்திருந்தேன்.

"மாமா."

"சொல்லும்மா."

"நீங்களும் மூணு கலர்தான் காட்டறீங்க. மூணுலயும் லாண்டரிய மூடியாச்சு."

நான் திரும்பவும் பார்த்தேன். முதல் முடிவில் மூடியிருக்கிறது. இரண்டாவதில் திறந்திருக்கிறது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன், தேடினால் லாண்டரியே இல்லை. மூன்றாவதில் எதிர்த் தெருவுக்குத் துரத்திவிட்டிருக்கிறேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கற்பனைக்குக் காசா கேட்கிறார்கள்? ஆனாலும் அந்தக் கதவைத் திறந்துவைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இதெல்லாம் சும்மா மாதிரி வாசகம்தான்மா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத நாலு வாக்கியம் முயன்று, நாலையும் அடித்துவிட்டேன்.

6

மணி நாலு இருபது. படிவத்தை அனுப்பாமலே கிளம்பிவிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கைப்பேசியில் இஸ்திரி அண்ணனிடம் பேசியது காதில் விழுந்தது: "அண்ணே, மெஷினையெல்லாம் நிறுத்திட்டு ஒம்பது பேரும் ஜன்னல்கிட்ட நில்லுங்க. ஒரு விஷயம் சொல்லணும். சொல்லிட்டு எல்லாருமா மேல எச்.ஆர். ரூமுக்குப் போவோம். டிரைவரும் வரேன்னிருக்காரு."

அவள் பின்னால் நான் போகவில்லை. போனால் நாலாவதாக ஒரு முடிவு எழுதுவேன். என் கையைப் பற்றி எனக்குத் தெரிந்துவிட்டது, அதிலும் மூடித்தான் வைப்பேன்.

ஆகவே இதை உங்களிடம் விடுகிறேன். இந்நேரம் அவர்கள் படியேறிக்கொண்டிருப்பார்கள். ஒன்றாந்தேதி காலையில் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வருகிறாள், கீழ்த்தளத்துக்கு இறங்குகிறாள், அந்த ஜன்னல் திறந்திருக்கிறது. இப்படி ஒரு முடிவை, பொய் கலக்காமல், உங்களால் எழுத முடியுமா? முடிந்தால் எழுதுங்கள். எத்தனை எழுத்து வேண்டுமானாலும் ஆகட்டும்.