பின்சுவர் யாத்திரை

யாத்திரை பஸ்ஸின் சமையல்காரருக்கு அனல் என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. தெரிந்தால் கூப்பிட்டு மாலை போடலாம், அவ்வளவு பொருத்தம். அவர் முறைத்தால் ஈர விறகு பற்றிக்கொள்ளும். பெருமூச்சு விட்டால் அண்டாவில் தண்ணீர் தளதளக்கும். இருபத்திரண்டு வருடமாக அதே பஸ், அதே யாத்திரை. ஆற்றங்கரைக் கோயில் நகரங்கள், புத்த விகாரங்கள், கடைசியில் மேகம் காலடியில் கிடக்கும் ஒரு மலையூர். ஆக மொத்தம் பதினொரு புண்ணியத் தலங்கள்.

இதில் ஒன்றில்கூட அனல் உள்ளே போனதில்லை.

எப்படிப் போக முடியும்? பஸ் முன்வாசலில் நிற்கும். கைடு ஊதுவார். வாயில் இருந்து விசிலை எடுத்து அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு விசில் என்றே பெயர். நாற்பது யாத்ரீகர்களும் பூக்கூடையும் பக்தியுமாக இறங்கி உள்ளே போவார்கள். பஸ் சுற்றிக்கொண்டு குழாயடி இருக்கும் பின்பக்கம் போகும். அனல் அடுப்பை இறக்குவார். அவர்கள் திரும்பி வரும்போது சோறு தயாராக இருக்க வேண்டும், சாப்பிட்டுக் கை கழுவியதும் அடுத்த ஊர். ஆகவே அவருக்குத் தெரிந்ததெல்லாம் பதினொரு பின்சுவர்கள். எந்தச் சுவரோரம் காற்று அடுப்பை அணைக்கும், எந்தச் சுவரில் குரங்கு இறங்கித் தக்காளியைத் தூக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பருப்பு அரை மணியில் வெந்தால் அது புண்ணிய பூமி. வேகாவிட்டால் பாவிகள் கட்டிய ஊர். அந்த மலையூரை அவர் திட்டிய திட்டுக்கு அந்த மலை இரண்டடி குள்ளமாகியிருக்கும்.

இதெல்லாம் அவர் மனைவிக்குத் தெரியாது. வருடா வருடம் அவர் வீடு திரும்பும்போது தெருவே வாசலில் நிற்கும். "எல்லாத்தையும் பாத்துட்டு வந்த மகராசன்" என்று பக்கத்து வீட்டுக்காரி அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்த நேரத்தில் "நான் பாத்தது சுவரும்மா" என்று எவனால் சொல்ல முடியும்? யாத்ரீகர்கள் தட்டை நீட்டிக்கொண்டே பேசியதையெல்லாம் அனல் ஒன்றாகக் கலக்கி, தாளித்துப் பரிமாறினார். முதல் ஊர்க் கோயிலுக்கு யானை உயரத்தில் வெள்ளிக் கதவு. மலையூர்ப் புத்தர் பன்னிரண்டு முழ நீளத்துக்குப் படுத்திருக்கிறார், உற்றுப் பார்த்தால் மூச்சு ஏறி இறங்குகிறது. மனைவி இதையெல்லாம் மனப்பாடம் செய்து, தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துத் தெருவெல்லாம் விநியோகித்தாள்.

இந்த வருடம் கம்பெனி முதலாளிக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. "இருபத்திரண்டு வருஷமா உழைக்கிறீங்க. இந்தத் தடவை அண்ணிக்கு ஒரு சீட்டு, நம்ம மரியாதை" என்றார். அனல் பதறி, அவளுக்கு மூட்டுவலி, பஸ் வாடை ஆகாது, வீட்டுப் பூனை தனியாக இருக்காது என்று அடுக்கினார். அவர்கள் வீட்டில் பூனையே இல்லை. மனைவி அதற்குள் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

முதல் ஊரிலேயே கதை கந்தலானது. கோயிலுக்குப் போய் வந்தவள் நேராக அடுப்படிக்கு வந்தாள்.

"என்னங்க, வெள்ளிக் கதவு எங்க? மரக் கதவுதான் இருக்கு. அதுலயும் ஒரு பக்கம் கீல் இல்ல."

அனல் வாயைத் திறப்பதற்குள் விசில் சிரித்துக்கொண்டு குறுக்கே விழுந்தார். "அண்ணன் எங்க அண்ணி உள்ள போயிருக்காரு? ஒரு நாள் போனதில்ல. அண்டாவ யாரு பாக்குறது?"

அவ்வளவுதான். அதன் பிறகு எட்டு நாள், ஒன்பது ஊர், மனைவி அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைக்கூட டிரைவரிடம் தட்டைக் கொடுத்து வாங்கினாள். அனலுக்கு எல்லார் மேலும் எரிந்தது. விசில் மேல் எரிந்தது. உள்ளே போய் வந்து முகம் மலர, "இன்னைக்கு இனிப்பு இல்லையாண்ணே?" என்று கேட்ட யாத்ரீகர்கள் மேல் எரிந்தது. பின்வாசல் வைக்காமல் கோயில் கட்டிய ராஜாக்களையும் அவர் விடவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு மலையூரில் அடுப்பை மூட்டிப் பருப்பைப் போட்டார். மலை மேல் தண்ணீர் கொதிக்கிற மாதிரி நடிக்கும், சூடு இருக்காது. குக்கர் வாங்கித் தருகிறேன் என்று முதலாளி கெஞ்சியும் "குக்கர்ல வெக்கிறதுக்குப் பேரு சமையலா?" என்று விரட்டியவர் அவர். அண்டாவில் நுரை கட்டும்போது மனைவி எதிரே வந்து நின்றாள்.

"இன்னைக்குக் கடைசி ஊரு. பன்னண்டு மணிக்கு நடை சாத்திடுவாங்களாம். அதுக்குள்ள நீங்க என்கூட உள்ள வர்றீங்க."

"பருப்ப யாரு பாக்குறது? உங்கப்பனா?"

"எங்கப்பாவ இழுக்காதீங்க. அவரு வாயில ஒரு பொய் வந்ததில்ல."

"வாயத் திறந்தாத்தானே வரும்? உங்கம்மா எங்க திறக்க விட்டாங்க?"

மனைவி சிரிக்கவில்லை. "வரலன்னா, ஊருக்குப் போனதும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, இவரு சொன்னது அத்தனையும் புளுகு, அதப் பரப்புன மடச்சி நான்தான்னு சொல்லுவேன். அப்புறம் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் அனல் பயந்திருக்க மாட்டார். அவள் மெதுவாகச் சொன்னாள்.

அனலுக்குத் தலைக்கு ஏறியது. "போடி! போ!" என்று கத்திக்கொண்டே, கையில் கிடைத்த கூடையைத் தூக்கி அண்டாவில் கவிழ்த்தார். கவிழ்த்த பிறகுதான் பார்த்தார். வெட்டி வைத்த தக்காளி, எட்டுக் கிலோ.

நேற்றுக் கல்யாணமானவளுக்கும் இது தெரியும். பருப்பு வேகாமல் புளிப்பு விழுந்தால் அது விறைத்துக்கொள்ளும், பிறகு மலையே எரிந்தாலும் மசியாது. இருபத்திரண்டு வருடச் சமையல்காரர், கல்யாணம் காட்சியென்று ஐந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டவர், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் இதைச் செய்தார். யாரிடம் போய்ச் சொல்வது? எட்டு மணிக்குக் கிளறினார். ஒன்பதுக்குத் தீயைக் கூட்டினார். பத்துக்கு அண்டாவைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பதினொன்றேகாலுக்கு ஒரு பருப்பை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினார். அது நசுங்காமல் பறந்து, பஸ் படியில் கண்ணயர்ந்திருந்த டிரைவரின் நெற்றியில் சுள்ளென்று அடித்தது.

"யார்றா கல்லெறியிறது?" என்று டிரைவர் துள்ளி எழுந்தார்.

அனல் அண்டாவைப் பார்த்தார். நான் உட்கார்ந்து பார்த்தாலும் இது வேகாது. எழுந்து போனாலும் வேகாது. அப்புறம் எந்த மண்ணாங்கட்டிக்கு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்? இடுப்புத் துண்டை உருவி அண்டாவின் மேல் வீசினார்.

விசில் ஓடி வந்தார். "அண்ணே, எங்க போறீங்க? பன்னண்டரைக்குச் சாப்பாடு, ஒரு மணிக்கு வண்டி கிளம்பணும்!"

"சோறு இருக்கு. ஊறுகா இருக்கு. பருப்பு வேணும்கிறவனுக்குச் சுத்தியலால தட்டிக் குடு."

"அண்ணே, கம்பெனி ரூல் என்ன?"

"ரூலா? இருபத்திரண்டு வருஷமா உன் ரூலுக்கு ஆக்கிக் கொட்டுனேன். வழிய விடு தம்பி, இல்ல, உன் விசில ஆக்கிப் போட்டுருவேன்."

விசில் வழி விட்டார். விசிலையும் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

முன்வாசலுக்கு அனல் நடந்தார் என்று சொன்னால் அது குறைவு. நூற்றெண்பது படியையும் அவர் காலால் திட்டிக்கொண்டே ஏறினார். மேலே ஒரே முற்றத்தில் இடப்பக்கம் கோயில், வலப்பக்கம் விகாரம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரிசை. பாதி தூரத்தில் மனைவி நின்றிருந்தாள். இவர் நடுவில் புகவும் பின்னால் இருந்தவர்கள் பொங்கினார்கள்.

"யோவ், வரிசைன்னு ஒண்ணு இருக்குதுல்ல!"

மனைவி திரும்பினாள். பிரசவ வார்டு வாசலில் முப்பது வருடம் ஆயாவாக நின்று, உறவுக் கூட்டங்களை ஒற்றைக் கையால் தடுத்தவள் அவள். "இவரு எனக்கு முன்னாடியே வந்தவரு. நீங்க கால்சட்டை இல்லாம திரிஞ்சப்பவே வந்தவரு. பொத்திக்கிட்டு நில்லுங்க!" என்றாள். வரிசை பொத்திக்கொண்டு நின்றது.

கோயில் ஒரு தள்ளலில் முடிந்தது. பூவும் புகையும் யாரோ ஒருவரின் முதுகும்தான் தெரிந்தன. அடுத்து விகாரம். உள்ளே நுழைந்து அனல் நிமிர்ந்து பார்ப்பதற்குள், குறுக்கே நின்ற தொந்திக்கார ஊழியர் "நகரு, நகரு" என்று தோளில் கை வைத்தார்.

"நகர மாட்டேன்."

"பின்னாடி ஆள் நிக்குதுய்யா."

"நிக்கட்டும். நான் நிக்காத நிப்பா? உன் தொந்திய முதல்ல ஓரமா கட்டிப் போடு, சாமி தெரியல!"

அடுத்து நடந்ததில் நியாயம் யார் பக்கம் என்று சொல்ல முடியாது. நாலு ஊழியர்கள் ஓடி வந்தார்கள். அனல் தூணைக் கட்டிக்கொண்டார். மனைவி அனலைக் கட்டிக்கொண்டாள். தூண் மட்டும் தூணாக இருந்திராவிட்டால் மூன்றையும் சேர்த்துத் தூக்கி வந்து வெளியே போட்டிருப்பார்கள். இரண்டைத்தான் போட்டார்கள். பன்னிரண்டு அடித்தது. கதவு சாத்தப்பட்டது.

இருவரும் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். அனலின் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை.

"என்ன பாத்தீங்க?" என்றாள் மனைவி.

வழக்கம்போல் பன்னிரண்டு முழம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கோபத்தில் பொய் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. "காது," என்றார். "ஒரே ஒரு காது. இடது காது. மிச்சமெல்லாம் அவன் தொந்தி."

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "படுத்திருக்காரா?"

"எவனுக்குத் தெரியும்? காதுதான்னு சொல்றேன்ல!"

"சரி. நம்புறேன்," என்றாள்.

அதற்குள் யாத்ரீகர்கள் தட்டோடு படியேறி வந்துவிட்டார்கள். முன்னால் சர்க்கரை மாமா. மூன்றாவது முறையாக யாத்திரை வருபவர், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கிவிடுவேன் என்று நாளுக்கு ஏழு தரம் மிரட்டுபவர்.

"என்னய்யா பருப்பு இது? பல்லு ஆடுது!"

"ஆடட்டும். நான் இங்க ஒரு காதப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

"காதாவது பாத்தியே," என்றார் சர்க்கரை மாமா, தட்டைக் கீழே வைத்தபடி. "மூணு தடவையும் எனக்கு அந்த ஆளு முழங்கைதான் தெரிஞ்சுது."

அனல் எழுந்தார். "என்னது? போன தடவை என் அடுப்பு பக்கத்துல நின்னுக்கிட்டு, புத்தரு படுத்திருக்காரு, மூச்சு விடுறாருன்னு சொன்னது யாரு?"

சர்க்கரை மாமா தாடையைச் சொறிந்தார். "எல்லாரும் பாத்தேன் பாத்தேன்னு சொன்னாங்க. நான் மட்டும் முழங்கைன்னு எப்படிச் சொல்றது?"

"எனக்கு ஒரு விளக்கு தெரிஞ்சுது," என்றது ஒரு குரல். "எனக்கு முன்னாடி நின்னவரு வழுக்கை," என்றது இன்னொன்று. நாற்பது பேரும் தலையைக் குனிந்தார்கள்.

மனைவி இடுப்பில் கை வைத்து எழுந்தாள். "அப்ப இவர்கிட்ட இத்தனை வருஷமா அளந்தவங்க உங்கள மாதிரி ஆளுங்கதானா? சோத்தையும் தின்னுட்டு!"

"தட்ட நீட்டிக்கிட்டே புளுகியிருக்காங்கடி!" அனலின் தொண்டை கிழிந்தது. "இவனுங்க புளுகத்தான் நான் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து தாளிச்சேன்!"

கீழிருந்து விசில் மூச்சிரைக்க ஏறி வந்தார். "ஒரு மணி ஆயிடுச்சு. வண்டி கிளம்பணும்ணே. எல்லாரும் வாங்க."

"நாலு மணிக்குக் கதவு திறக்கும்," என்றார் அனல். "அதுவரைக்கும் நான் இங்கதான். வண்டி போறதுன்னா போகட்டும். ராத்திரிச் சோத்த நீயே ஆக்கிக்கோ."

விசில் யாத்ரீகர்களைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. சர்க்கரை மாமா சட்டைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நிதானமாகக் கடித்தார். "நான் வரிசையில நிக்கிறேன் தம்பி, தொந்தரவு பண்ணாத" என்றார்.

"எனக்குப் பின்னாடி நில்லும்!" என்று அனல் அவரைத் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார்கள். அனல் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்துத் திட்டினார். நாலு மணிக்குத் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. முதலில் உள்ளே போனவள் மனைவி. அடுத்துப் போன அனல், கோபம் இம்மி குறையாமல், தொந்திக்காரரை இடது கையால் ஓரமாக நகர்த்தினார். அவர் "நகரு" என்று சொல்ல வாயெடுத்துப் பின்னால் பார்த்தார். நாற்பது பேர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தானே நகர்ந்துகொண்டார்.

புத்தர் உட்கார்ந்திருந்தார்.