கேசரியின் வலது தோள்

தடை தாண்டும் போட்டிக்கு நான்கு நாள்தான் இருந்தது. கேசரி என்ற அந்தக் குதிரையின் வலது தோள் சதைக்குப் பத்து நாளாகத் தைலம் தேய்த்து நீவி நீவி, லாயக்காரர் வின்ஸ்டனுக்குக் கை விட்டுப்போயிருந்தது. வீக்கமில்லை, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் கயிற்றைப் பிடித்துக் கூடவே ஓடினால், கேசரி தலையை ஆட்டி ஆட்டி நொண்டியது.

இன்றும் அதே கதைதான். மருத்துவர் லோகப்பிரியா குதிரையைப் பார்த்தார், பிறகு வின்ஸ்டனைப் பார்த்தார்.

"ஏனுங்க மிதுன், நீங்க ஒருக்கா இதுகூடவே ஓடுங்க. கயித்த லூசா உட்டுப் புடிங்க."

போட்டியில் சவாரி செய்யப்போகிற மிதுனோடு கேசரி அம்பு மாதிரி ஓடியது.

"தோளுக்கு ஒண்ணுமில்லீங்க. நொண்டறது வின்ஸ்டன் அண்ணன்தானுங்க. கயித்த இறுக்கிப் புடிச்சுட்டு, ஒவ்வொரு எட்டுக்கும் அதோட தலையையும் இழுத்துப்போடறாரு."

மிதுன் சிரித்துக்கொண்டே முதலாளிக்குப் போன் போட்டான். வின்ஸ்டனின் முழங்காலைக் கேட்கத்தான் நாதியில்லை. அவ்வளவு தைலத்தில் ஒரு சொட்டைத் தன் காலுக்கு வைக்க அவருக்கே தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்னும் அலுப்பாக இருந்தது.

லாயத்துக்குத் திரும்பும்போது கயிற்றைத் தொளதொளவென்று விட்டுப் பிடித்தார். கேசரி முந்திப் போகவில்லை. அவர் நொண்டி வந்து சேரும்வரை நின்று நின்று நடந்தது.