கச்சேரியை நிறுத்தியவர்

மழை வந்து கெடுத்த கச்சேரிக்கு யார் பொறுப்பு என்று வேறு காலத்தில் யாராவது கேட்டிருந்தால், வானத்தைக் கேள் என்று சொல்லிவிட்டு ஊர் குடையை விரித்துக்கொண்டு போயிருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் அப்படி முடியாது. எது கெட்டாலும் அதற்கு ஓர் ஆள் வேண்டும். விளக்கு அணைந்தால் ஓர் ஆள், அரிசி வராவிட்டால் ஓர் ஆள். மழைக்கும் ஓர் ஆள் கேட்டான், கொடுத்தார்கள். அது தப்பான ஆள் என்பது, அந்த ஆளைத் தவிர, தனலெட்சுமி ஒருத்திக்குத்தான் தெரியும்.

தனலெட்சுமி பாடுகிறவள். பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் குடியிருந்தாள். அவள் புருஷன் ராமதாஸ் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தாலும் ஊருக்கு அவர் மிருதங்கக்காரர்தான். இரண்டு வீடு தள்ளியிருந்த பிச்சைமுத்து பிடில் வாசிப்பான். ஜப்பான் சண்டைக்கு முன்னால் இந்த மூன்று பேர் இல்லாமல் அந்த வட்டாரத்தில் கோயில் திருவிழாவும் கிடையாது, கல்யாணமும் கிடையாது. ராமதாசுக்குச் சாமி நம்பிக்கை அரைகுறை. தனலெட்சுமியோ நல்ல நேரம் பார்க்காமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். இதை வைத்து அவர் அவளைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் அந்தக் கிண்டலெல்லாம் அடங்கிப்போனது. சயாமில் ரயில் பாதை போடுகிறோம் என்று சொல்லி ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கள்ளுக்கடையில் பிடித்தார்கள், பசாரில் பிடித்தார்கள், படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பிடித்தார்கள். போனவர்களைப் பற்றி ஒரு சொல்கூட வீடு வந்து சேரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் விநாசித்தம்பி ஒரு செய்தியோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய கிளார்க்காக இருந்தவர். இப்போது ஜப்பான்காரனின் பிரசார ஆபீசில், வேறு வழியில்லாமல், அதே கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ராமதாஸ், உங்கட பேரும் பிச்சைமுத்துவின்ர பேரும் அடுத்த சயாம் ரயிலுக்குச் சொல்லிப்போட்டாங்கள்" என்றார். தனலெட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டாள். "பதறாதை பிள்ளை, கேள். ஒரு பெரிய ஜப்பான் அதிகாரி வந்திருக்கிறார். சங்கீதப் பித்தர். ஊர் ஊராய்ப் போய்ப் பாட ஒரு குழு சேர்க்கிறார். அந்தக் குழுவில இருந்தால் கையில பட்டை கட்டிவிடுவினம். பட்டை கட்டின ஆளை ஒருத்தரும் தொடேலாது. ஞாயிற்றுக்கிழமை பாடாங்கில கச்சேரி வையுங்கோ, அவர் வந்து கேட்பார். திங்கள் காலமை சிங்கப்பூருக்குப் போறார். அந்த ஒரு நாள்தான்."

மேடைக்குக் கூரை போட வேண்டும் என்று விநாசித்தம்பி மன்றாடிப் பார்த்தார். கூரை போட்டால் கடல் தெரியாது என்று அதிகாரி மறுத்துவிட்டான். கடலும் வானமும் பின்னால் தெரிய வேண்டுமாம். கலா ரசிகன் அல்லவா! ஆக, கோட்டைக்குப் பக்கத்துப் பாடாங் திடலில், வெறும் பலகை மேடையில், மொட்டை வானத்தின் கீழ்க் கச்சேரி என்று முடிவாயிற்று. ஐந்து மணிக்குக் கச்சேரி, அது முடிந்ததும் சொற்பொழிவு, கடைசியில் பள்ளிப் பிள்ளைகளின் ஜப்பானியப் பாட்டு.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். தனலெட்சுமி ஒரே ஒரு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு மேடையின் பின்பக்கம் நின்றாள். அன்றைக்கு அவள் குரல் அவளுக்கே பிடித்திருந்தது. மரவள்ளிக் கிழங்கையே தின்று காய்ந்த தொண்டையில் எங்கிருந்தோ பழைய இனிமை வந்து உட்கார்ந்திருந்தது. புருஷன் தப்பித்துவிடுவார் என்று மனம் சொன்னது. அப்போதுதான் தலையைத் திருப்பி மணிக்கூண்டைப் பார்த்தாள். ஐந்தாகப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். கச்சேரி நாள் குறிக்கும்போது யாருக்கும் தோன்றவில்லையே!

புருஷனைத் தனியே இழுத்துப் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"ஏம்மா, ராகுவும் ஜப்பான்காரனோட சேந்து சயாமுக்கு ஆள் பிடிக்கிறானா?"

"விளையாடாதீங்க. ஒங்க உசுரு இது. நல்ல காரியத்துக்கு ராகுகாலத்துல வாயத் தொறந்தா வெளங்குமா? ஆறு மணி வரைக்கும் தள்ளிப் போடுங்க. என் கழுத்துல கெடக்கிற தாலிக்காகக் கேக்கிறேன்."

"ராகுகாலம்னு அந்த ஆளுகிட்டப் போய்ச் சொல்ல முடியுமா தனம்?"

"என்னத்தையாவது சொல்லுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு விநாசித்தம்பியிடம் போனார். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டினால்தான் நாதம் பேசும்; ரவைக்கு எங்கே போவது அந்தக் காலத்தில்? தொப்பிப் பக்கத்துக்கு மரவள்ளி மாவைத்தான் பிசைந்து ஒட்டியிருந்தார். அது காலையிலேயே கச்சிதமாக ஒட்டிக்கொண்டு கணீரென்று பேசியது.

"ஐயா, மாவு பிடிக்க மாட்டேங்குது. பேச்சையும் பிள்ளைங்க பாட்டையும் முதல்ல வச்சிருங்க. ஆறு மணிக்கு நாங்க உக்காந்துர்றோம்" என்றார்.

பக்கத்தில் நின்ற பிச்சைமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னண்ணே இது? காலையிலயே பாத்திருக்கக் கூடாதா? இன்னிக்குப் போய்!" என்றான். விநாசித்தம்பி கையைப் பிசைந்துகொண்டு போய் முறையை மாற்றினார்.

பிள்ளைகள் புரியாத மொழியில் பாடின. பிறகு ஒருவர் ஆசியாவின் விடிவைப் பற்றிப் பேச எழுந்தார். அந்த விடிவு லேசில் முடிவதாக இல்லை. கொடிமலைப் பக்கம் வானம் கறுத்து வந்தது. விநாசித்தம்பி வானத்தையும் பேச்சாளரையும் மாறி மாறிப் பார்த்தார். முன் வரிசையில் அதிகாரி கொட்டாவி விட்டான். தனலெட்சுமி மட்டும் மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் ஆறைத் தொட்டதும் அவளுக்குப் போன உயிர் வந்தது. இனிப் பயமில்லை என்று மேடை ஏறினாள்.

முதல் அடியைப் பாடினாள். கொட்டாவி விட்டவன் நிமிர்ந்து உட்கார்ந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். இரண்டாவது அடிக்கு வாயைத் திறந்தபோது மழை விழுந்தது. தூறலாகத் தொடங்கி வலுக்கிற மழையில்லை அது. எடுத்த எடுப்பிலேயே கொட்டோ கொட்டென்று கொட்டியது. கூட்டம் கலைந்து ஓடியது. பிடில் கம்பி நனைந்து கீச்சிட்டது. ராமதாஸ் சட்டையைக் கழற்றி மிருதங்கத்தின் மேல் போட்டுக்கொண்டு வாசிக்கப் பார்த்தார். அவள் தொண்டை கிழியப் பாடினாள். மழைச் சத்தத்தில் அவள் பாட்டு அவளுக்கே கேட்கவில்லை.

அதிகாரி குடைக்கடியில் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் "ஹாபிஸ்" என்றான். முடிந்தது. அவன் பேசியது பசார் மலாய், எல்லாருக்கும் விளங்கும் மலாய். மேடைக்கு அருகில் வந்து, "சியாப்பா தங்கோங்?" என்றான். யார் பொறுப்பு?

"மழை, துவான்" என்றார் விநாசித்தம்பி.

மழையைப் பற்றி அவன் கேட்கவில்லையாம். ஐந்து மணிக்கு வெயில் அடித்ததாம். ஐந்து மணிக்குக் கச்சேரி என்றுதான் சொல்லியிருந்ததாம். அதை மாற்றியது யார்?

கூரை வேண்டாம் என்றவன் அவன். பேச்சை வளர்த்தவர் ஒருவர். அதையெல்லாம் யார் அங்கே சொல்ல முடியும்? ராமதாஸ் ஈர உடம்போடு முன்னால் வந்து, "நான்தான். மாவு பிடிக்கல" என்று மலாயில் சொன்னார். அதிகாரி அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டான். மத்தளத்தைத் தயாராக வைத்திருக்காதவன் தன் குழுவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

தனலெட்சுமி இரண்டு எட்டுத் தள்ளித்தான் நின்றாள். நான்தான் தள்ளிப் போடச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் கோழையாக நின்றாள், அதற்கு வேறு பெயர் கிடையாது.

மறுநாள் காலை விநாசித்தம்பி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன வெயில், என்ன வெயில்! பழைய நேரத்துக்கு மூண்டரை மணி. அப்பவே துவங்கியிருந்தால் அரைக் கச்சேரியாவது முடிஞ்சிருக்கும். நாலரைக்கல்லோ மழை பிடிச்சது!"

மனிதர் இன்னும் பழைய நேரத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். ஜப்பான்காரன் வந்ததும் தீவிலிருந்த கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி முன்னால் தள்ளி, டோக்கியோ நேரம் ஆக்கிவிட்டான். தனலெட்சுமிக்கும் அது தெரியும். ஆனால் அவள் வீட்டில் கடிகாரமே இல்லை. கோயில் மணியையும் வெயிலையும் பார்த்தே பொழுதை ஓட்டுகிறவள். என்றைக்கோ ஒரு நாள் மணிக்கூண்டைப் பார்த்தாள், பயத்தில் டோக்கியோ மணியை வைத்து ராகுகாலம் கணக்குப் பண்ணிவிட்டாள். ராகுவுக்கு டோக்கியோ ஏது? ஐந்து மணி என்று கடிகாரம் காட்டியபோது உண்மையில் நல்ல நேரம். அவள் காத்துக் கிடந்து, போன உயிர் வந்தது என்று மேடை ஏறினாளே, அப்போதுதான் ராகுகாலம் பிறந்தது.

விநாசித்தம்பி போனதும் புருஷனிடம் சொல்லி அழுதாள். அவர் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு நேத்தே தெரியும் தனம். நீ சொன்னப்பவே கணக்குப் போட்டுப் பாத்தேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

"பயந்து போயிருந்தியே. கொஞ்சம் உக்காந்தா மனசு தெளிஞ்சு நல்லாப் பாடுவேன்னு நெனச்சேன். ஆக, தப்பு என்னோடதுதான். நீ இதப் போட்டு மனசுல வச்சுக்காதே."

பொய். இன்றைக்கு என்ன கிழமை என்று அவளைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மனிதர் அவர். ராகுகாலத்தையும் டோக்கியோவையும் கூட்டிக் கழித்திருப்பாரா? பொய் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் நெஞ்சு லேசானது. அப்பாடா என்று இருந்தது.

அந்த வாரமே இரண்டு பேரையும் கொண்டு போனார்கள். ஃபெரி ஏறி அக்கரை போய்ப் பிறை ஸ்டேஷனில் ரயில் பிடிக்க வேண்டும். ஜெட்டிப் படகுத்துறையில் பிச்சைமுத்து ராமதாசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் மனைவி யோகம்மாவிடம் எதையோ சொல்லி அழுதுகொண்டிருந்தான். "அவன்கிட்டயாவது உண்மையச் சொல்லிர்றேங்க" என்றாள் தனலெட்சுமி. "வேணாம். அவன் கோவம் என்னோட போகட்டும். நீ இங்க யோகம்மா மொகத்துல முழிச்சுக்கிட்டு வாழணுமில்ல?" என்றார் ராமதாஸ். அவள் சரி என்று தலையாட்டினாள்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு ஒரு நாள் பிச்சைமுத்து வந்தான். தனியாக வந்தான். கால் ஒன்று புண்ணாகி அழுகி வற்றியிருந்தது. முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழுது முடியும்வரை அவன் வாசல்படியிலேயே இருந்தான். பிறகும் எழுந்து போகவில்லை.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம என்னால சோறு திங்க முடியல."

"சொல்லுப்பா."

"அங்க போயும் அண்ணங்கூட நான் பேசலக்கா. ஒங்களாலதான்யா நான் இங்க கெடந்து சாவுறேன்னு தெனம் மூஞ்சிக்கு நேரா திட்டுவேன். ஆமாண்டா, என் தப்புதான்னுவாரு. ஒரு நாளாவது எதுத்துப் பேசியிருந்தா எங்கோவம் தணிஞ்சிருக்கும். எதுத்தே பேசலக்கா." அவன் காலைத் தடவிக்கொண்டான். "அண்ணனுக்குக் காலரா வந்து கொட்டாயில போட்டுட்டாங்க. ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் நான். பிச்சை, கொஞ்சம் தண்ணி குடுடான்னு கூப்பிட்டாரு. காதுல விழுந்துச்சு. ரெண்டு தடவ கூப்பிட்டாரு. கெடக்கட்டும், வேற யாராச்சும் குடுக்கட்டும்னு படுத்துட்டேன். காலையில பாத்தா முடிஞ்சு போச்சு. என்னை மன்னிச்சேன்னு சொல்லுங்கக்கா."

மன்னித்தேன் என்று சொன்னால் போதும், அவன் எழுந்து போய்விடுவான். எல்லாம் அவர் போட்டு வைத்தபடியே இருக்கும். மறுபடியும் அவள் தலையாட்டினால் போதும்.

"மாவு நல்லாத்தான் பிடிச்சிருந்துச்சு, பிச்சைமுத்து" என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான்.

"ராகுகாலம்னு நான்தான் தள்ளிப் போடச் சொன்னேன். அதுவும் தப்பான மணியப் பாத்துட்டுச் சொன்னேன். அவரு எனக்காகச் சொன்ன பொய்யி அது. ஜெட்டியில ஒன்கிட்டச் சொல்றேன்னு சொன்னேன், வேணாம்னாரு. எனக்கும் அதுதான் வசதியா இருந்துச்சு. தப்பு என்னோடதுப்பா, அவரோடது இல்ல."

தன்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். பிச்சைமுத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் நிறைந்து வழிந்தது.

"அப்ப நான் அங்க யார் மேலக்கா கோவமா இருந்தேன்?" என்று கேட்டான்.