முன் வலது தண்டு

இடுப்பிலிருந்து வலது குதிகால்வரை ஒரு நரம்பு இழுத்துக்கொண்டே இருந்தது. பதினான்கு வருடம் வட இத்தாலியில், டூரின் வார்ப்பாலையில் உலைக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்ததன் மிச்சம். அந்த ஜூலையில் நான் நின்றுகொண்டேதான் சாப்பிட்டேன். உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும்.

மேஜைமேல் இரண்டு ரயில் டிக்கெட்டுகள் கிடந்தன. இருக்கை எண் போட்டவை. என் மனைவி நூன்ஸியா ஜூன் மாதமே அரை நாள் வரிசையில் நின்று வாங்கியது. வடக்கே வேலை பார்க்கும் தெற்கத்தியான் அத்தனை பேரும் ஆகஸ்டில் ஒரே நாளில்தான் ஊருக்குக் கிளம்புவான்.

அவள் தம்பி கோசிமோ தன் கார் சாவியை டிக்கெட்டுகள்மேல் வைத்தான்.

"இதத் திருப்பிக் குடுத்துடுங்க மச்சான். என் வண்டி எதுக்கு இருக்கு?"

"ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர்டா. என் முதுகு தாங்காது."

"ரயில்ல மெத்தையா போட்டிருக்கான்? கார்னா நெனச்ச எடத்துல நிறுத்திக் கால நீட்டலாம். திரும்பறப்ப எண்ணெய் டின்னு, தக்காளி பாட்டில், ஒரு பன்னித்தொட, எல்லாம் ஏத்திக்கலாம். ரயில்ல தலையிலயா தூக்கிட்டு வருவீங்க?"

"போன வருஷம் நேப்பிள்ஸ் தாண்டறதுக்குள்ள மூணு தடவ நின்ன வண்டிதான?" என்றாள் நூன்ஸியா. "முன்னால ஒரு கழுதையக் கட்டு, நம்பி ஏறறேன்."

"ரேடியேட்டர் புதுசுக்கா. வாயக் கழுவு."

சிரித்தோம். எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. ஆகஸ்ட் பதினைந்து, காலை பத்து மணி. எங்கள் ஊரில் மாதா சொரூபத்தை எட்டுப் பேர் தூக்குவார்கள். முன் வலது தண்டு எங்கள் அப்பாவுடையது, அவருக்குப் பிறகு என்னுடையது. கோவிலில் மூன்றாவது தடவை மணி அடிக்கும்போது தண்டில் கை இல்லாதவனுக்கு இடம் போயிற்று. அன்று தோள் கொடுத்தவனுக்கே அதற்குப் பிறகும் அது சொந்தம். டூரினில் நான் உலைக்கு ஓர் எண். அந்தத் தண்டுக்கு அடியில்தான் நான் இன்னார் மகன்.

"மூணாவது மணிக்கு நான் அங்க நிக்கணும்டா."

"எனக்குத் தெரியாதா? பதிமூணு சாயங்காலம் ஆலைய மூடறான். பதினாலு விடியக்காலம் நாலு மணிக்கு உங்க வாசல்ல ஹாரன் அடிப்பேன். அன்னிக்கு ராத்திரி ஊர்ல இருப்போம்."

திங்கட்கிழமை டிக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

பதினாலாம் தேதி நாலு மணிக்குப் பெட்டியோடு தெருவில் நின்றோம். ஐந்தாயிற்று, ஆறாயிற்று. இரண்டு தெரு தள்ளியிருந்த அவன் வீட்டுக்கு நொண்டிக்கொண்டு போனேன். கீழ்வீட்டு அம்மாள் படி கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோசிமோவா? நேத்து சாயங்காலமே போயிட்டானேப்பா. வண்டியில அவன் மட்டுந்தான். நீங்க ரயில்ல போறதாச் சொன்னானே?"

கிடைத்த முதல் ரயிலில் ஏறினோம். கழிவறைக் கதவை ஒட்டி நின்றேன். யாராவது உள்ளே போகும்போதெல்லாம் முதுகை வளைத்து வழிவிட வேண்டியிருந்தது. நூன்ஸியா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டியில எதாச்சும் கோளாறா இருக்கும்," என்றாள் ரோமாபுரி தாண்டியதும்.

"கோளாறுன்னா நேத்தே எப்படிப் போனான்?"



கடலோர ஸ்டேஷனில் இறங்கும்போது மறுநாள் காலை எட்டு நாற்பது. இரண்டு மணி நேரத் தாமதம். திருவிழா அன்று மலைக்குப் பஸ் கிடையாது. நூன்ஸியாவைப் பெட்டியோடு பின்னால் வரச் சொல்லிவிட்டு ஏழு கிலோமீட்டர் மேடு ஏறினேன். ஓட முயன்றேன், கால் மடங்கிற்று. ஒலிவத் தோப்பு வளைவில் மூன்றாவது மணி காதில் விழுந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாதா தெருவில் இறங்கிவிட்டாள். முன் வலது தண்டில் வெள்ளைச் சட்டை, சிவப்புக் கச்சை. கோசிமோ.

திருவிழாக் கமிட்டித் தலைவர் மிம்மோ என்னைப் பார்த்துத் திகைத்தார். "சவேரியோ! முதுகு போயிருச்சு, இனிமே நீயே நில்லுன்னு சொல்லி அனுப்புனியாமேப்பா? உம் மச்சினன் மணிக்கு முன்னாலயே வந்து நின்னுட்டான்."

முதுகைப் பிடித்துக்கொண்டு, வேர்வை சொட்ட, ஒரு காலில் நின்று, "நான் சொல்லல" என்றேன். பார்த்தவர்களில் யார் அதை நம்புவார்கள்?

கோசிமோ கழுத்தைத் திருப்பவில்லை. தண்டுக்கு அடியிலிருந்தே பேசினான். "நடந்தா வந்தீங்க மச்சான்? நெழல்ல உக்காருங்க. உடம்பக் கெடுத்துக்காதீங்க."

மத்தியானம் மாமியார் வீட்டு மேஜையில் அவனே எனக்கு ஒயின் ஊற்றினான். "திரும்பறப்ப கார்ல வாங்க. உங்க எண்ணெய் டின்னுக்கு எடம் விட்டிருக்கேன்."

நூன்ஸியா அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.

நாங்கள் ரயிலிலேயே திரும்பினோம், நின்றுகொண்டு, வெறுங்கையோடு. அதற்குப் பிறகு ஆறு ஆகஸ்ட் போய்விட்டது. மாதாவின் முன் வலது தண்டு, எங்கள் அப்பாவின் இடம்: கோசிமோ எனக்குத் தர வேண்டியது அது. இன்னும் தரவில்லை.