நடைக்கூடத்தில் வளைந்த பந்து

என் வீட்டுக்காரர் பேஸ்பாலில் பந்து வீசுகிறவர். கம்பெனிக் கிடங்கில் வேலை என்று பெயர்தானே தவிர, அவர் ஒரு பெட்டியைத் தூக்கி நான் பார்த்ததில்லை. கம்பெனி அணிக்காக வேகமாகவும் நேராகவும் எறிவதுதான் அவர் வேலை. வயது ஏற ஏற வேகம் இறங்கியது. போன வருடம், நேற்று முளைத்த பையன்கள் எல்லாம் அவர் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார்கள்.

மழைக்காலம் தொடங்கி மைதானத்தைப் பூட்டிய அன்று கோச் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "வேகம் போயிடுச்சுப்பா. இனி வளைபந்து ஒண்ணுதான் உனக்கு வழி. மைதானம் திறந்ததும் போட்டுக் காட்டு. வந்தா அணியில இரு. வரலைன்னா கிடங்குக்குப் போயிடு."

பெட்டி தூக்குவதை அவர் கேவலமாக நினைக்கிற ஆள் இல்லை. ஆனால் பந்து இல்லாவிட்டால் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்று அவருக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

வளைபந்து என்றால், மட்டைக்காரனின் நெஞ்சுக்கு நேராக வருகிற மாதிரி வந்து, கடைசியில் விலகிக் கீழே இறங்க வேண்டும். விரலும் மணிக்கட்டும் சேர்ந்து சுழற்றினால்தான் அது நடக்கும். அதைப் பழகவென்றே ஒரு பந்து விற்கிறதென்று யாரோ சொல்ல, வாங்கி வந்தார். மெத்தென்று, கனமே இல்லாமல், ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் குழி குழியாகவும் இருந்தது. விரல் வைக்கும் இடங்களில் சிவப்பும் நீலமுமாகத் தடம் போட்டிருந்தார்கள். 'முதல் நாளே வளையும்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஆமா, ஒரே வாரத்துல வெள்ளையாயிடுவீங்கன்னு சோப்பு டப்பாவுலயும்தான் போட்டிருக்கான்" என்றேன்.

மூன்றாம் மாடியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து படிக்கட்டு வரை நீளமான நடைக்கூடம். அதுதான் எங்கள் மைதானம். தையல் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக, அவருடைய பழைய கையுறையை மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் குந்துவேன். அவர் வாசலிலிருந்து எறிவார். எனக்கு எறிய வராது. குழல்விளக்கை உடைத்துவிடுவேனோ என்று பயந்து, பந்தைத் தரையில் உருட்டித்தான் விடுவேன். நிஜப் பந்துக்கு அங்கே அனுமதியே இல்லை. "அந்தக் கல்லுப் பந்து ஒரு தடவை செவுத்துல பட்டாலும் வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்று வீட்டுக்காரம்மா முன்பே சொல்லியிருந்தாள்.

பெட்டியில் எழுதியிருந்தபடியே முதல் நாளே வளைந்தது. சும்மா இல்லை, சுவரைத் தொடப்போய், மனம் மாறி என் முழங்காலுக்கு வந்தது. நான் வாயைப் பிளந்தேன்.

"எத்தனை வருஷத்துக் கை இது! கத்துக்க நேரமாகுமா?" என்றார்.

அந்த மழைக்காலம் முழுக்க அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது கரண்டியை மணிக்கட்டால் சுழற்றினார். எதிர்வீட்டுப் பாட்டுவாத்தியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பந்து வளையும் போதெல்லாம் கைதட்டினார். எனக்கும் பழகிவிட்டது. பந்து வந்து சேரும் இடத்தில், கண்ணை மூடிக்கொண்டுகூடக் கையுறையை வைப்பேன். இந்த மனுஷன் பிழைத்துக்கொண்டார் என்று நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

மைதானம் திறந்த அன்று கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கம்பிவலைக்குப் பின்னால் போய் நின்றேன். கோச் புது மட்டைக்காரன் ஒருவனை நிறுத்தினார். என் வீட்டுக்காரர் நிஜப் பந்தை வாங்கி, தடம் இல்லாத தோலில் தடம் இருந்த இடத்தை நினைவில் தேடி, விரலை வைத்தார். எறிந்தார்.

பந்து நேராகப் போனது. அந்தப் பையன் அதை வேலிக்கு வெளியே அடித்தான்.

விரலை மாற்றினார். நேராகப் போனது. மணிக்கட்டை இன்னும் முறுக்கினார். அதுவும் நேராகவே போனது, முன்னைவிட மெதுவாக. ஒரு பந்தாவது, ஒரு விரக்கடையாவது விலகாதா என்று வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பந்தும் தபால்காரன் மாதிரி நேரே மட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

"பந்து புதுசு. கையில நிக்கமாட்டேங்குது" என்றார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவன் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்கவேண்டும் போல் இருந்தது எனக்கு. கோச் மட்டும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தோளில் கைபோட்டு, "போதும்பா. நாளைக்குக் காலையில கிடங்குல மேஸ்திரியைப் பாரு" என்றார்.

வழி நெடுக அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். மாடி ஏறியதும் பழகு பந்தை எடுத்து வந்து என் கையில் திணித்தார். கையுறையை மாட்டிக்கொண்டு, நான் வழக்கமாகக் குந்தும் இடத்தில் போய்க் குந்தினார்.

"நீ போடு."

"எனக்கெங்க வரும்? விளக்கை உடைச்சிருவேன்."

"உடைஞ்சா உடையட்டும். போடு."

போட்டேன். சுவரைத் தொடப்போன பந்து, மனம் மாறி அவர் முழங்காலுக்கு வந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு மைதானத்திலேயே புரிந்திருக்க வேண்டும். வளைந்தது அவர் கை இல்லை, அந்தப் பாழாய்ப்போன பந்து. யார் எறிந்தாலும் அது வளையும்.

"அட, நீயும் கத்துக்கிட்டியாம்மா!" என்று பாட்டுவாத்தியார் கதவைத் திறந்து கைதட்டினார்.

என் வீட்டுக்காரர் பந்தை என்னிடம் உருட்டிவிட்டார். "இன்னொண்ணு."

இந்த முறை தடத்தில் விரல் படாமல், ஐந்து விரலாலும் அள்ளி, ஈரத்துணியை வீசுகிற மாதிரி வீசினேன். ஒரே ஒரு தடவை நேராகப் போய்த் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது அழகாக வளைந்து, சத்தமே இல்லாமல் கையுறைக்குள் இறங்கியது.

கையுறையை அவர் நகர்த்தவே இல்லை. நான் வீசும் முன்பே அதை அந்த இடத்தில் வைத்திருந்தார்.